மூளைக்குப் போய்ச் சேரும் மருந்து: வாசகர் கேள்விகள்

கல்லூரி மாணவி, நாகர்கோவில்: நானோ துகள், நானோ துகள் என்கிறார்களே, அது எவ்வளவு சின்னது?

தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர். மருந்துக்குப் பயன்படும் துகள்களில் பெரும்பாலானவை சில நானோமீட்டரிலிருந்து சில நூறு நானோமீட்டருக்குள் அடங்கிவிடும். ஏதோ நாளைக்கு வரப்போகிற சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். ரத்தசோகை உள்ள கர்ப்பிணிகளுக்கு நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சலைன் பாட்டிலில் கலந்து ஏற்றுகிறார்களே, அந்தப் பழுப்பு நிற அயர்ன் சுக்ரோஸ், அதுவும் நானோ துகள்தான். நடுவில் இரும்பு, சுற்றிலும் சர்க்கரை உறை. ஃபைசர், மாடர்னா கோவிட் தடுப்பூசிகளில் ஆர்.என்.ஏ.வைச் சுமந்து போனதும் கொழுப்பால் ஆன நானோ துகளே. உடம்பின் மற்ற இடங்களுக்கு நானோ மருந்து வந்து வெகுநாள் ஆயிற்று. பாக்கி இருப்பது மூளை.

ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்: மூளையும் ரத்தம் ஓடுகிற உறுப்புதானே? ரத்தத்தில் ஏற்றிய மருந்து மூளைக்கு மட்டும் ஏன் போகாது?

இதே சந்தேகம் 1885-லேயே ஜெர்மனியில் பால் எர்லிக்குக்கு வந்தது. விலங்குகளின் ரத்தத்தில் சாயத்தைச் செலுத்திப் பார்த்தார். ஈரல், சிறுநீரகம், தசை எல்லாம் நிறம் ஏறின. மூளை மட்டும் வெளுப்பாகவே இருந்தது. மூளைக்குச் சாயம் ஒட்டாது போலும் என்று அவர் முடிவுகட்டினார். அவருடைய மாணவர் எட்வின் கோல்ட்மன் 1913-ல் அதைத் திருப்பிப் போட்டார். சாயத்தை ரத்தத்தில் விடாமல், மூளையைச் சுற்றியுள்ள நீரில் விட்டார். மூளை நன்றாகவே சாயம் பிடித்தது. உடம்பு நிறம் மாறவில்லை. ஆக, குறை சாயத்தில் இல்லை, நடுவே ஏதோ தடுக்கிறது.

அந்தத் தடுப்பு, மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவர்தான். மற்ற இடங்களில் அந்தச் சுவரின் செல்களுக்கு இடையே கசிவு இருக்கும். மூளையில் செல்லும் செல்லும் இறுகப் பூட்டிக்கொண்டு நிற்கின்றன. குளுக்கோஸுக்குத் தனி வாசல், அமினோ அமிலத்துக்குத் தனி வாசல். மற்றவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அனுமதி இல்லை. சின்ன மூலக்கூறு மருந்துகளிலேயே நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு உள்ளே போகாது என்பது இந்தத் துறையில் காலங்காலமாகச் சொல்லப்படும் கணக்கு.

இல்லத்தரசி, ஈரோடு: மூளையில் அழற்சி என்றால் என்ன? எனக்குத் தெரிந்து அழற்சி என்றால் சிவந்து வீங்கி வலிக்கும். மூளையில் அப்படி எதுவும் தெரிவதில்லையே?

மூளைத் திசுவுக்கு வலி தெரியாது அம்மா. அதனால்தான் அங்கே நடக்கும் அழற்சி பல வருடம் சத்தமில்லாமல் நடக்கிறது.

மூளையில் நரம்பணுக்கள் மட்டும் இல்லை. மைக்ரோகிளியா என்றொரு செல் உண்டு. ஸ்பெயின் நாட்டு பியோ டெல் ரியோ ஒர்தேகா 1919-ல் அதைத் தனியாக அடையாளம் காட்டினார். மெல்லிய கைகளை நீட்டி நீட்டிச் சுற்றுப்புறத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருக்கும். செத்த செல்லை அப்புறப்படுத்தும், கிருமியை விழுங்கும், தேவையில்லாத நரம்பு இணைப்புகளைக் கத்தரிக்கும். நல்ல செல். ஆனால் அடிபட்டாலோ ரத்த ஓட்டம் நின்றாலோ கைகளை உள்ளிழுத்து உருண்டையாகி, சைட்டோகைன் என்கிற அழற்சி ரசாயனங்களையும் பிராண வாயுவின் வீரியமான வடிவங்களையும் கொட்ட ஆரம்பிக்கிறது. சில நாளில் அடங்கினால் காயம் ஆறும். அடங்காவிட்டால் பக்கத்தில் உயிரோடு இருக்கும் நரம்பணுக்களும் சாகும்.

பக்கவாதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய ரத்தக் குழாய் அடைத்தால் ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜெஃப்ரி சேவர் 2006-ல் கணக்கிட்டார். அது முதல் அடி. அடைப்பின் ஓரத்தில் குற்றுயிராகக் கிடக்கும் செல்களை அடுத்த சில நாட்களில் கொல்வது இந்த அழற்சி. நானோ ஆராய்ச்சி குறி வைப்பது அந்த இரண்டாவது அடியை.

மருந்துக் கடைக்காரர், விருதுநகர்: அழற்சிதான் வில்லன் என்றால் ஸ்டீராய்டு போட்டு ஒரேயடியாக அடக்கிவிடலாமே?

போட்டுப் பார்த்தார்கள். அதன் விலை மனித உயிர்கள்.

தலையில் அடிபட்டவர்களுக்கு ஸ்டீராய்டு தருவது பல பத்தாண்டுகள் வழக்கத்தில் இருந்தது. 'கிராஷ்' என்ற பன்னாட்டு ஆய்வு 10,008 நோயாளிகளைச் சேர்த்து அதைச் சோதித்தது. 2004-ல் முடிவு வந்தது. இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள்: ஸ்டீராய்டு பெற்றோரில் 21.1 சதவீதம், பெறாதோரில் 17.9 சதவீதம். காப்பாற்றும் என்று நம்பிய மருந்து நூற்றுக்கு மூன்று பேரைக் கூடுதலாகக் கொன்றது. அதே காலத்தில் வியட்நாமில் நடந்த ஆய்வில், டி.பி. மூளைக்காய்ச்சலில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு சாவைக் குறைத்தது. ஒரே வகை மருந்துதான், ஓரிடத்தில் உயிர் எடுக்கிறது, ஓரிடத்தில் உயிர் காக்கிறது.

அல்சைமர் நோய் வராமல் தடுக்க வலி மாத்திரைகளைக் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வும் பலன் தரவில்லை. உடம்பு முழுக்க அழற்சியை அடக்கினால் கிருமியை எதிர்க்கும் வலுவும் காயத்தை ஆற்றும் வேலையும் சேர்ந்தே அடங்கிப்போகும். என்னைக் கேட்டால், மூளை மருத்துவத்தில் நானோ துகளின் மதிப்பு அதன் சின்ன உருவத்தில் இல்லை. எந்தச் செல் கெட்டுப்போயிருக்கிறதோ அந்தச் செல்லுக்கு மட்டும் மருந்தைக் கொண்டுபோகும் வாய்ப்பில் இருக்கிறது.

அதே வாசகர்: அப்படி இடம் பார்த்துப் போன துகள் ஏதாவது உண்டா?

உண்டு. இந்தத் துறையில் என்னை மிகவும் நெகிழ வைத்த ஆய்வும் அதுதான்.

மூளை முடக்குவாதத்தோடு பிறக்கும் குழந்தைகளில் சிலருக்குக் காரணம், கர்ப்பத்தின்போது தாயின் கருப்பையில் ஏற்படும் தொற்று. அந்த அழற்சி சிசுவின் மூளை வரை பரவுகிறது. ரங்கராமானுஜம் கண்ணன் கெமிக்கல் இன்ஜினீயர், சுஜாதா கண்ணன் குழந்தைகள் தீவிர சிகிச்சை மருத்துவர். இருவரும் தங்கள் குழுவோடு அமெரிக்காவில் இதை முயல்களில் ஆராய்ந்தார்கள். கருவுற்ற முயலின் கருப்பையில் பாக்டீரியா நச்சைச் செலுத்தினால், பிறக்கும் குட்டிகளின் கால்கள் விறைத்துக்கொள்கின்றன. குட்டிகளால் தத்தி நடக்க முடிவதில்லை.

மருந்தாக அவர்கள் எடுத்தது புதிய கண்டுபிடிப்பு எதையும் அல்ல. என்-அசிட்டைல் சிஸ்டீன். உங்கள் கடையிலேயே சளியை இளக்கத் தண்ணீரில் போட்டுக் கரைக்கும் மாத்திரையாக இருக்கும். பாரசிட்டமால் அளவுக்கு மீறி விழுங்கியவர்களுக்கு ஆஸ்பத்திரியில் ஊசியாக ஏற்றுவார்கள். அதை டென்ட்ரிமர் என்னும் கிளை கிளையாகப் பிரியும் மூலக்கூறில் கட்டினார்கள். குறுக்களவு நான்கு நானோமீட்டர் அளவில்தான். பிறந்த அன்றே குட்டிகளுக்கு ஒரு தடவை ஊசி.

ஐந்தாம் நாள் அந்தக் குட்டிகளின் நடை, ஆரோக்கியமான குட்டிகளின் நடையை நெருங்கியிருந்தது. டென்ட்ரிமர் இல்லாமல் வெறும் மருந்தை அதைப் போலப் பத்து மடங்கு கொடுத்தும் அந்தப் பலன் கிடைக்கவில்லை. நுண்ணோக்கியில் பார்த்தால் துகள்கள் அழற்சி கண்ட மைக்ரோகிளியாவுக்குள்ளும் அதன் பக்கத்து ஆஸ்ட்ரோசைட் செல்களுக்குள்ளும் சேர்ந்திருந்தன. நோய் இல்லாத குட்டிகளின் மூளையில் அப்படிச் சேரவில்லை. 2012-ல் 'சயன்ஸ் டிரான்ஸ்லேஷனல் மெடிசின்' இதழில் வெளிவந்தது.

நோயுள்ள இடத்தைத் துகள் எப்படிக் கண்டுபிடித்தது? அழற்சி வந்த இடத்தில் ரத்தக் குழாய்ச் சுவர் தளர்ந்துவிடும். வெறி கொண்ட மைக்ரோகிளியா கண்டதையெல்லாம் விழுங்கும். அதன் அந்தப் பசியே மருந்தை அதற்குள் கொண்டுபோய்விட்டது. மிஞ்சிய துகள் சிறுநீரில் வெளியேறிவிடும்.

மருத்துவக் கல்லூரி மாணவர், கோவை: முயல் சரி. மனிதருக்கு?

அதே வகை டென்ட்ரிமர் மருந்து ஓ.பி.-101 என்ற பெயரில், கடுமையான கோவிட் நோயாளிகள் 24 பேரிடம் சோதிக்கப்பட்டது. மருந்து பெற்ற 17 பேரில் மூவர் வென்டிலேட்டருக்குப் போனார்கள் அல்லது இறந்தார்கள். மருந்தில்லா ஊசி பெற்ற ஏழு பேரில் அந்த நிலைக்குப் போனவர்கள் ஐவர். மூளைச் செல் சேதத்தைக் காட்டும் புரதங்களும் ரத்தத்தில் குறைந்தன. 2022-ல் வந்த முடிவு இது. 24 பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. நம்பிக்கை வைக்கலாம், ஆரவாரம் கூடாது.

சென்னையிலிருந்து ஒருவர்: சுவர் தளராத, ஆரோக்கியமான மூளைக்குள் துகளைச் செலுத்த முடியுமா?

ஜெர்மனியின் ஃப்ராங்க்ஃபர்ட்டில் யோர்க் க்ராய்ட்டர் 1990-களில் ஒரு வழி கண்டார். டலார்ஜின் என்ற வலி மருந்து தானாக மூளைக்குள் போகாது. அதை நானோ துகளில் ஏற்றி, மேலே பாலிசார்பேட்-80 பூசி எலிக்குச் செலுத்தினார். ஐஸ்கிரீமிலும் சேர்க்கிற சாதாரணப் பொருள்தான் இந்தப் பாலிசார்பேட். எலிக்கு வலி குறைந்தது. மருந்து உள்ளே போயிற்று என்று பொருள்.

பூச்சு ரத்தத்தில் உள்ள 'அபோ-ஈ' என்ற புரதத்தைத் தன்மேல் இழுத்துக்கொள்கிறது. கொலஸ்ட்ரால் சுமக்கும் துகள்களின்மேல் இருப்பதும் அதே புரதம். மூளைக்குக் கொழுப்பு வேண்டும் என்பதால் அதற்கென்று ஒரு வாசல் திறந்திருக்கிறது. அழைப்பிதழ் இல்லாதவர் மாப்பிள்ளை வீட்டாரோடு சேர்ந்து கல்யாண மண்டபத்துக்குள் நுழைவது மாதிரி, துகள் அந்த வாசலில் நுழைந்துவிடுகிறது.

பொறியாளர், ஓசூர்: மருந்தே இல்லாமல் துகள் மட்டும் வேலை செய்யுமா?

செய்யும். நீங்கள் வாகனத் தொழில் நடக்கும் ஊர்க்காரர் என்பதால் சீரியம் ஆக்சைடு, சுருக்கமாகச் சீரியா, உங்களுக்குத் தெரிந்திருக்கும். காரின் புகைக்குழாயில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் இருக்கிற பொருள். சீரியம் அணு இரண்டு மின் நிலைகளுக்கு இடையே மாறி மாறிப் போகக்கூடியது. மாறும்போதெல்லாம் செல்லைச் சுடும் ஃப்ரீ ராடிக்கலை அணைக்கிறது. ஒரு தடவை அணைத்துவிட்டுத் தீர்ந்துபோகாமல் பழைய நிலைக்குத் திரும்பி மறுபடியும் அணைக்கிறது. வைட்டமின் மாத்திரையால் முடியாத காரியம் இது.

தென்கொரியாவின் சோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஹியோன் டேக்வான் உள்ளிட்டோர் மூன்று நானோமீட்டர் அளவுள்ள சீரியா துகளைப் பக்கவாதம் உண்டாக்கிய எலிகளுக்குக் கொடுத்தார்கள். சேதமடைந்த பரப்பு பாதி வரை குறைந்தது. கிலோவுக்கு 0.5, 0.7 மில்லிகிராம் அளவுகளில்தான் அந்தப் பலன். அதற்குக் கீழேயும் பலனில்லை, மேலேயும் பலனில்லை. மருந்து என்றால் அளவுதான் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டாம்.

இன்னொரு துகள் மூளைக்குள் போகவே போகாது. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் மில்லரும் சிட்னியில் நிக்கோலஸ் கிங்கும் சேர்ந்து செய்தது. 500 நானோமீட்டர், எதிர்மின்னூட்டம் கொண்டது. ரத்தத்தில் மூளையை நோக்கி ஓடும் அழற்சி வெள்ளணுக்கள் அதை விழுங்குகின்றன. விழுங்கியவை பாதை மாறி மண்ணீரலுக்குப் போய் அங்கேயே மடிகின்றன. வெஸ்ட் நைல் வைரஸ் மூளைக்காய்ச்சலில் சாக வேண்டிய எலிகளில் பாதிக்கு மேல் இதனால் பிழைத்தன. பிறகு தலையில் அடிபட்ட எலிகளிலும் மூளை வீக்கம் குறைந்தது. துகள் செய்யப் பயன்பட்ட பொருள்களில் ஒன்று பி.எல்.ஜி.ஏ. தையல் பிரிக்கத் தேவையில்லாமல் தானே கரையும் நூல் இருக்கிறதே, அந்த இனம்.

மூத்த குடிமகன், பாளையங்கோட்டை: தங்க பஸ்பத்தில் நானோ தங்கம் இருக்கிறதாமே. அப்படியானால் நம்மவர்கள் முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள் அல்லவா?

சொர்ண பஸ்பத்தை ஆய்வகத்தில் பரிசோதித்தவர்கள் அதில் பத்துக்கணக்கான நானோமீட்டர் அளவில் தங்கத் துகள் இருப்பதைக் கண்டது உண்மை, ஐயா. புடம் போட்டுப் போட்டு அந்த நுணுக்கத்துக்குக் கொண்டுவந்த கைத்திறனை வணங்குகிறேன். ஆனால் துகள் சின்னதாக இருப்பது வேறு, அது மூளை நோயைத் தீர்க்கும் என்று சோதித்து நிறுவுவது வேறு. இப்போது அமெரிக்காவில் க்ளீன் என்ற நிறுவனம் தங்க நானோ படிகங்களை நீரில் கலந்து, குடிக்கும் மருந்தாக ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோய் உள்ளவர்களுக்குக் கொடுத்துச் சோதித்திருக்கிறது. 'ஹீலி' என்ற பெரிய சோதனையில் முதன்மை இலக்கை அது எட்டவில்லை. வேறு சில அளவீடுகளில் நல்ல அறிகுறி இருப்பதாகச் சொல்லி ஆய்வைத் தொடர்கிறார்கள்.

ஒன்றை அவசியம் சொல்ல வேண்டும். இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேத மருந்துகளை 2008-ல் சோதித்தபோது ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. ஈயமும் பாதரசமும் மூளைக்கு நேரடி விஷம். பட்டதாரி சித்த மருத்துவர் எழுதித் தராத எந்த பஸ்பத்தையும் தொடாதீர்கள்.

கும்பகோணத்து வாசகி: மஞ்சள்?

மஞ்சளின் குர்குமினுக்கு அழற்சியை அடக்கும் குணம் ஆய்வகத்தில் உண்டு. வயிற்றுக்குள் போனால் பெரும்பகுதி ரத்தத்தில் சேராமலே கழிந்துவிடும். அதைத் தீர்க்கத்தான் நானோ குர்குமின். லக்னோவில் உள்ள இந்திய நச்சியல் ஆராய்ச்சி நிறுவனத்தார், பி.எல்.ஜி.ஏ. துகளில் ஏற்றிய குர்குமின் எலி மூளையில் புதிய நரம்பணுக்கள் உருவாகத் தூண்டியதை 2014-ல் காட்டினார்கள். லாஸ் ஏஞ்சலிஸில் 40 பேரிடம் ஒன்றரை வருடம் நடந்த சோதனையில் நுண்துகள் குர்குமின் நினைவாற்றலைக் கொஞ்சம் கூட்டியது. நல்ல தொடக்கம். குழம்பில் போடும் மஞ்சளைக் குறைக்க வேண்டாம். அதை மருந்து என்றும் எண்ண வேண்டாம்.

ஐ.டி. ஊழியர், திருச்சி: 'ஒரு மணி நேரத்தில் அல்சைமர் குணம், நானோ அதிசயம்' என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?

பார்சிலோனாவின் ஐபெக் நிறுவனமும் சீனாவின் சிச்சுவான் பல்கலைக்கழக மருத்துவமனையும் சேர்ந்து 2025-ல் வெளியிட்ட ஆய்வு அது. மூளையில் தேங்கும் அமைலாய்டு புரதத்தை ரத்தத்துக்குள் வெளியேற்றும் பாதை நோயில் பழுதாகிறது. துகள் அந்தப் பாதையைச் சீர்செய்தது. ஊசி போட்ட ஒரு மணி நேரத்தில் அமைலாய்டு பாதிக்கு மேல் குறைந்தது. செய்தியில் விட்டுப்போன ஒரு சொல்: எலி.

அதே திருச்சிக்காரர்: எலிக்குப் பலித்தது நமக்கு மட்டும் ஏன் பலிப்பதில்லை?

பக்கவாதத்தில் மூளையைக் காப்பதற்காகச் சோதிக்கப்பட்ட சிகிச்சைகளை 2006-ல் ஒரு குழு எண்ணிப் பார்த்தது. 1,026. அவற்றில் விலங்குகளுக்குப் பலித்தவை நூற்றுக்கணக்கில். உலகம் முழுவதும் ஏற்றுக்கொண்ட நரம்பணு காப்பு மருந்தாக ஒன்றும் தேறவில்லை. ஆஸ்ட்ராஜெனிகாவின் என்.எக்ஸ்.ஒய்.-059 ஃப்ரீ ராடிக்கலைப் பிடிக்கும் மருந்து. முதல் பெரிய சோதனையில் பலன் தெரிந்தது, 2007-ல் வந்த இரண்டாவதில் ஒன்றுமில்லை என்று ஆனது.

காரணம் புரியாத புதிர் அல்ல. ஆய்வக எலி இளசு. அதற்குச் சர்க்கரை நோய் இல்லை, ரத்த அழுத்தம் இல்லை. எந்த நிமிடம் குழாய் அடைத்தது என்பது விஞ்ஞானிக்குத் தெரியும், மருந்து ஊசியில் தயாராக இருக்கும். நம் வீட்டுத் தாத்தாவுக்கு எழுபது வயது, இருபது வருடச் சர்க்கரை. 'தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்' என்று படுக்க வைத்துவிட்டு மறுநாள் காலையில்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறோம். வயதான, நோயுள்ள விலங்குகளில், தாமதமாக மருந்து கொடுத்துப் பலன் காட்டாத எந்தத் துகளையும் மனிதர் சோதனைக்கு அனுப்பக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இளம் தாய், சேலம்: மூளைக்குள் அந்நியத் துகள் போவது ஆபத்து இல்லையா?

ஆபத்து இருக்கலாம், நியாயமான பயம். இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக பார்பரா மேகர் குழு 2016-ல் மனித மூளைகளை ஆராய்ந்து, காற்று மாசிலிருந்து வந்ததாகக் கருதத்தக்க இரும்பு ஆக்சைடு நானோ துகள்களை அவற்றில் கண்டது. மூளையில் தங்கும் துகளே அழற்சியைக் கிளப்பலாம். சீரியா துகள் கரைவதில்லை. ஈரலிலும் மண்ணீரலிலும் மாதக்கணக்கில் கிடக்கும். ரத்தத்தில் ஏற்றும் துகளில் பெரும்பகுதியை ஈரல்தான் பிடித்துக்கொள்கிறது. ஆகவே வேலை முடிந்ததும் கரைகிற அல்லது சிறுநீரில் வெளியேறுகிற துகளுக்கே முதலிடம் தர வேண்டும். அந்தக் கணக்கில் டென்ட்ரிமரும் பி.எல்.ஜி.ஏ.யும் சீரியாவை முந்துகின்றன.

ப்ளஸ் டூ மாணவர், ராமநாதபுரம்: இந்தத் துறைக்கு என்ன படிக்க வேண்டும்?

எது பிடிக்கிறதோ அது: வேதியியல், பார்மசி, கெமிக்கல் இன்ஜினீயரிங், மருத்துவம், கால்நடை மருத்துவம். முயல் குட்டிகளை நடக்க வைத்ததில் இன்ஜினீயருக்கும் பங்கு, டாக்டருக்கும் பங்கு.

சிவகங்கை வாசகர்: நானோ சத்துப் பானம் என்று ஒன்று ஆயிரக்கணக்கில் விற்கிறார்கள். மூளைக்கு நல்லதாம். வாங்கலாமா?

வேண்டாம்.

திண்டுக்கல்லிலிருந்து ஒரு மகள்: அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை வரவில்லை. கடன் வாங்கியாவது இந்த நானோ ஊசியைப் போட நினைக்கிறோம். எங்கே கிடைக்கும்?

எங்கும் கிடைக்காது, தங்கச்சி. பக்கவாதத்துக்கு என்று அனுமதி பெற்ற நானோ ஊசி இன்றைக்கு உலகில் எங்கும் இல்லை. யாராவது தருகிறேன் என்றால் அது ஏமாற்று. அந்தப் பணத்தை பிசியோதெரபிக்கு வையுங்கள். விடாமல், தினமும். ரத்த அழுத்த மாத்திரையை ஒரு வேளையும் நிறுத்தாதீர்கள். ஒரு தடவை வந்தவருக்கு மறுபடியும் வரும் வாய்ப்பு அதிகம்.

உங்களுக்கு மட்டுமல்ல, படிக்கிற எல்லோருக்கும் சொல்கிறேன். வாய் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தூக்க வரவில்லை என்றால், பேச்சு குழறினால், உடனே கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கு 108-ல் கிளம்புங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். கையில் இருக்கிற மருந்து அது.